பள்ளிக்கூடத்து ராணி காலேஜில் என்ன ஆவாள்?

சென்ற வாரம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டேன். மயிலாப்பூரிலிருந்து ஒரு பாட்டியம்மாள் எழுதியிருக்கிறார். அவருடைய பிள்ளை குடும்பத்தோடு அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாகாணத்தில் வசிக்கிறார். பேத்திக்கு வயது பதினேழு. உயரம் ஐந்து அடி ஒன்பது அங்குலம். "எங்கள் வம்சத்திலேயே இப்படி வளர்ந்த பெண் கிடையாது" என்று பாட்டிக்கு அதுவே ஒரு விசாரம். அந்தப் பெண் பள்ளிக்கூடத்து வாலிபால் கோஷ்டியில் முதல் ஆட்டக்காரியாம். ஊர்ப் பத்திரிகையில் படம்கூட வந்திருக்கிறதாம்.

இப்போது இரண்டு இடங்களிலிருந்து அவளைக் கூப்பிடுகிறார்கள். ஒன்று பெரிய சர்வகலாசாலை. "வா, ஆனால் ஆட இடம் கிடைக்குமா என்று இப்போதே சொல்ல முடியாது" என்கிறார்கள். மற்றது சின்ன காலேஜ். அங்கே முதல் நாளே களத்தில் இறக்குகிறோம் என்கிறார்கள். பெண்ணோ பெரிய இடத்துக்குத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். "நீங்கள்தான் பந்தாட்டமெல்லாம் பார்க்கிறவராயிற்றே, எங்கே போனால் குழந்தை சந்தோஷமாக இருப்பாள்?" என்று கேட்கிறார் பாட்டி.

நான் பந்தாட்டம் பார்க்கிறவள் என்பது வாஸ்தவந்தான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஐந்தாவது செட்டைப் பார்த்து, பாலைப் பொங்கவிட்ட பெருமையும் எனக்கு உண்டு. ஆகவே தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில், நேயர்களே, அந்த ஊரில் இது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1895-ல் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் ஹோலியோக் என்ற ஊரில் வில்லியம் மார்கன் என்பவர் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். யாருக்காக என்று நினைக்கிறீர்கள்? கூடைப்பந்து ஆடினால் மூச்சு வாங்குகிறதே என்று தவித்த நடுவயது வியாபாரிகளுக்காக! அப்படிப் பிறந்த ஆட்டத்தை இன்று அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஆடுகிறார்கள். 2023 ஆகஸ்ட் 30-ந் தேதி நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில், கால்பந்து மைதானத்தின் நடுவே வலை கட்டி, காலேஜ் பெண்கள் ஒரு பந்தயம் ஆடினார்கள். பார்க்க வந்தவர்கள் 92,003 பேர். அந்த மாகாணத்தில் வளரும் பெண்ணுக்குப் பெரிய சர்வகலாசாலையின் சட்டையைப் போட்டுக்கொள்ள ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் ஆடும் நூறு பெண்களில் காலேஜ் பந்தயங்களில் இறங்குகிறவர்கள் ஏறக்குறைய நாலு பேர். முதல் டிவிஷன் என்கிற மேல்தட்டுக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு ஒருத்தி என்று சொல்லலாம். அப்படிப் போகிற ஒவ்வொருத்தியும் அவரவர் ஊரில் ராணியாக இருந்தவள்தான். பிறந்த வீட்டில் செல்லப் பெண்ணாக இருந்தவள், பெரிய கூட்டுக் குடும்பத்தில் கடைசி நாட்டுப்பெண்ணாகப் போய்ச் சேர்ந்தால் எப்படி இருக்கும்? அதேதான்.

"வலை உயரமாகிவிடுமோ?" என்று பாட்டி கேட்டிருக்கிறார். இல்லை. பள்ளிக்கூடத்திலும் காலேஜிலும் பெண்களுக்கு வலையின் உயரம் ஒன்றுதான். ஏழு அடி நாலு அங்குலமும் ஒரு பிசுக்கும். ஆடுகளமும் அதே பதினெட்டு மீட்டர் நீளம், ஒன்பது மீட்டர் அகலம். மாறுவது வலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் கைகள்! பள்ளிக்கூடத்தில் எதிரே குதித்துத் தடுக்கிறவள் ஐந்தடி நாலு அங்குலம் இருப்பாள். அவள் தலைக்கு மேலே அடித்துவிடலாம். காலேஜில் அந்த இடத்தில் ஆறடிப் பெண்கள் இரண்டு பேர் நாலு கைகளையும் சேர்த்துச் சுவர் எழுப்பிவிடுவார்கள். அதோடு, பள்ளிக்கூடத்தில் பந்தை உயரத் தூக்கிப் போடுவார்கள். அது இறங்கி வரும் வரை காத்திருந்து, ஓடி வந்து அடிக்கலாம். காலேஜில் அந்த அவகாசம் கிடையாது. பந்து செட்டர் கைக்கு வருமுன்பே அடிக்கிறவள் ஓட ஆரம்பித்துவிட வேண்டும். செட்டர் என்றால் அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். நம் ஊர்ப் பையன்கள் லிஃப்டர் என்பார்களே, அவள்தான்.

ஊர்ப் பத்திரிகையில் "இன்றைக்குப் பதினைந்து ஸ்மாஷ்" என்று போடுவார்கள். அதைப் படித்துப் பூரித்துப் போகாதீர்கள். காலேஜ் கோச்சுகள் வீட்டுக் கணக்குப் போல் வரவு செலவு பார்க்கிறவர்கள். புள்ளி கிடைத்த அடிகளிலிருந்து வீணான அடிகளைக் கழித்து, மொத்தம் எத்தனை முறை அடித்தாள் என்பதால் வகுப்பார்கள். பள்ளிக்கூடத்தில் முப்பது முறை அடித்துப் பதினைந்து புள்ளி, மூன்று தவறு என்றால் .400 வருகிறது. பலே பெண்! அதே பெண் காலேஜில் அதே முப்பது முறை அடிக்கிறாள்; பத்து புள்ளி கிடைக்கிறது; சுவரில் பட்டுத் திரும்பியதும் வெளியே போனதுமாக ஏழு வீண். கணக்கு .100-க்கு இறங்கிவிட்டது. கை அதே கைதான், பாவம். காலேஜில் .300 எடுத்தால் மெச்சுவார்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அடிக்கிறவளைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து போகிற பெண் நிலைப்பாளா மாட்டாளா என்பதை, அவள் எதிராளியின் சர்வீஸை எப்படி வாங்குகிறாள் என்பதில் பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம். சுழலாமல், காற்றில் தள்ளாடித் தள்ளாடி வரும் ஒரு ரகப் பந்து இருக்கிறது. கடைசி நிமிஷம் வரை எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாது. அதை இரண்டு முன்னங்கைகளாலும் ஏந்தி, செட்டர் நிற்கும் இடத்துக்குப் பதவிசாக அனுப்ப வேண்டும். கோலத்தில் முதல் புள்ளி கோணினால் அப்புறம் எந்த இழையை இழுத்து என்ன பயன்? பந்து சரியாக வந்தால் செட்டர் மூன்று பெண்களில் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், எதிராளி திணறுவான். கோணலாக வந்தால் ஒருத்திக்குத்தான் கொடுக்க முடியும். சுவர் அங்கே தயாராக நிற்கும். இதற்காகவே கோச்சுகள் ஒவ்வொரு சர்வீஸை வாங்கியதற்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மார்க் போடுகிறார்கள். இந்த மார்க்கைப் பத்திரிகைக்காரர்கள் கேட்பதுமில்லை, போடுவதுமில்லை.

2023-ல் நெப்ராஸ்கா கோஷ்டியில் பள்ளிக்கூடம் முடித்து வந்த நாலு புதுப் பெண்கள் முதல் வருஷமே முக்கியமான ஆட்டக்காரிகளாகிவிட்டார்கள். செட்டரே புதுப் பெண்தான். அந்த வருஷம் 33 பந்தயங்களில் ஜயித்தார்கள். அபாரம் என்று நானும் கொட்டகையில் உட்கார்ந்திருப்பது போலக் கை தட்டிக்கொண்டிருந்தேன். டிசம்பரில் இறுதிப் பந்தயம் வந்தது. எதிரே டெக்ஸாஸ். முதல் செட் 25-22. அப்புறம் டெக்ஸாஸ் பெண்கள் போட்ட சர்வீஸ்களை நெப்ராஸ்காவால் வாங்க முடியவில்லை. 25-14, அதற்கடுத்து 25-11! வருஷம் முழுவதும் கட்டிய கோட்டை முதல் தொடுகையில் இடிந்து போயிற்று. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்களுக்கு எதிரே நின்றவர்கள் அத்தகைய பந்தயங்களில் பழுத்தவர்கள்.

இன்னொரு உதாரணம் பாருங்கள். அதே நெப்ராஸ்காவில் ஹூப்பர் என்று ஒரு சின்னஞ்சிறு ஊர். ஜனத்தொகை ஆயிரம்கூட இல்லை. அங்கிருந்து வந்த ஜோர்டான் லார்ஸன் 2005 முதல் 2008 வரை நெப்ராஸ்கா சர்வகலாசாலைக்கு ஆடினார். பின்னால் நாலு ஒலிம்பிக்ஸில் நாலு பதக்கங்கள்: 2012-ல் வெள்ளி, 2016-ல் வெண்கலம், 2021-ல் டோக்கியோவில் தங்கம், 2024-ல் பாரிஸில் மறுபடியும் வெள்ளி. அடிக்கவும் தெரிந்தவர், ஆனால் சர்வீஸை வாங்குவதில் மன்னி என்று உலகமே ஒப்புக்கொண்டது.

உயரத்தைப் பற்றிப் பாட்டி கவலைப்படுகிறாரே, அதற்கும் ஒரு வார்த்தை. ஐந்தடி ஒன்பது அங்குலம் பள்ளிக்கூடத்தில் ஜாஸ்தி. அதனால் வலைக்கு நடுவே நிறுத்தியிருப்பார்கள். பெரிய காலேஜில் அந்த இடத்துக்கு அது போதாது. ஸ்டான்போர்டில் 2016 முதல் 2019 வரை ஆடிய காத்ரின் பிளம்மரின் உயரம் ஆறடி ஆறு அங்குலம்! அவரும் அவருடன் சேர்ந்த புதுப் பெண்களுமாக முதல் வருஷமே பட்டம் வாங்கினார்கள் என்பது உண்மை. ஆனால் அதற்குமுன் அந்த வருஷத்தில் ஏழு பந்தயங்கள் தோற்றார்கள் என்பதும் உண்மை.

ஆகவே உங்கள் பேத்தியின் இடத்தை மாற்றிவிடுவார்கள், அம்மா. ஓரத்துக்குப் போகலாம், பின்வரிசையில் காவலுக்கு மட்டும் நிறுத்தலாம், அடிக்கவே கூடாது என்று விதியுள்ள லிபரோவாக, வேறு நிறச் சட்டை போட்டு நிறுத்தினாலும் நிறுத்தலாம். அதைக் கேட்டுப் பெண் அழுதால் டானி புஸ்பூம் கெல்லியின் கதையைச் சொல்லுங்கள். நெப்ராஸ்காவில் செட்டராக இருந்தவர், தம் கடைசி வருஷமான 2006-ல் லிபரோவாக மாறினார். அந்த வருஷமே அவர்கள் பட்டம் வென்றார்கள். பிறகு கோச்சாகி, லூயிவில் கோஷ்டியை 2022-லும் 2024-லும் இறுதிப் பந்தயத்துக்குக் கொண்டுபோனார். 2025-ல் தாம் ஆடிய நெப்ராஸ்காவுக்கே தலைமைக் கோச்சாக வந்து சேர்ந்தார்.

பணத்தைப் பற்றிப் பிள்ளையிடம் கறாராகக் கேட்கச் சொல்லுங்கள். முன்பெல்லாம் முதல் டிவிஷன் காலேஜ் பன்னிரண்டு பெண்களுக்கு முழு உபகாரச் சம்பளம் கொடுக்கலாம் என்று இருந்தது. 2025-26-ல் வந்த புது ஏற்பாட்டில் பதினெட்டுப் பேர் வரை வைத்துக்கொண்டு பணத்தைப் பங்கு போட்டும் கொடுக்கலாம். "உபகாரச் சம்பளம் உண்டு" என்றால் முழுசா, காலா என்று கேட்காமல் தலையாட்டக்கூடாது. சின்ன காலேஜ் மூன்றாவது டிவிஷன் என்றால், ஆட்டத்துக்காக அங்கே சம்பளமே கிடையாது. இதைப் பலர் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. 2021-லும் 2024-லும் விதிகள் தளர்ந்த பிறகு, பெண்கள் காலேஜ் விட்டு காலேஜ் மாறுவது சகஜமாகிவிட்டது. பெஞ்சில் பொறுமையாக இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்த பெண்ணின் முறை வரும்போது, வேறு காலேஜிலிருந்து இருபத்தொரு வயது ஆட்டக்காரி வந்து அந்த இடத்தில் நின்றுவிடலாம். எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டா விதி போடுகிறார்கள்?

சரி, பாட்டி கேட்ட கேள்விக்குப் பதில். பேத்தியின் பெருமையெல்லாம் அடியில்தான் என்றால் சின்ன காலேஜே மேல். அங்கே களத்தில் நின்று கற்றுக்கொள்வாள். சர்வீஸை வாங்கத் தெரிந்தவள் என்றால், எந்த இடத்தில் நிறுத்தினாலும் நிற்கிறேன், முதல் வருஷம் பெஞ்சில் உட்காரவும் தயார் என்று அவளே வாய்விட்டுச் சொன்னால், பெரிய இடத்துக்கு அனுப்பலாம். அங்கே இடம் கிடையாது என்று சொல்லாமல், தெரியாது என்று சொன்ன கோச்சிடம் எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட உண்டாகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெலிபோனில் பேசும்போது, "எத்தனை ஸ்மாஷ் அடித்தாய்?" என்று கேட்காதீர்கள். ஆட்டம் சமமாக நிற்கும்போது எதிராளி சர்வீஸ் போடப் பந்தைக் கையில் எடுத்தால், அது தன் பக்கம் வர வேண்டும் என்று இருக்கிறதா, பக்கத்துப் பெண்ணிடம் போகட்டும் என்று இருக்கிறதா என்று கேளுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். திருஷ்டி சுற்றிப் போடுவது உங்கள் இஷ்டம். அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை.