வாடிய பயிரும் வாடிய மனமும்



கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயல்கள் முல்லைப் பெரியாற்று நீரை நம்பியிருப்பவை. 1895ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அணையின் நீரால் இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் பாசனம் பெறுகிறது. நீர் மிகுந்தாலும் பயிருக்குக் கேடு, குறைந்தாலும் கேடு. ஆயினும், பயிர் வாடியவுடன் "தண்ணீர்தான் காரணம்" என்று அனுபவமுள்ள விவசாயி சொல்லிவிடுவதில்லை. வேரைப் பார்ப்பார், மண்ணைப் பார்ப்பார், பூச்சி உண்டா என்று இலையைப் புரட்டிப் பார்ப்பார். மனம் வாடும்போது மட்டும் நாம் ஏன் அப்படிப் பார்ப்பதில்லை?

நன்றாகப் படித்துவந்த மாணவி ஒருத்தி சோர்ந்து போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "சோம்பேறி" என்பார் ஒருவர். "காத்துக் கருப்பு" என்று வேப்பிலை அடிக்கச் சொல்வார் மற்றொருவர். "இந்த வயதில் எல்லாம் ஹார்மோன் செய்கிற வேலை, தானே சரியாகும்" என்பார் விவரம் தெரிந்த இன்னொருவர். மூன்றுமே சோதித்துப் பாராமல் சொன்ன தீர்ப்புகள்தாம்!

ஹார்மோன்கள் நாளமில்லாச் சுரப்பிகளிலிருந்து நேரே இரத்தத்தில் கலக்கும் வேதிப்பொருள்கள். கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டு சுரப்பியை எடுத்துக்கொள்வோம். அது சுரக்கும் தைராக்சின் மிகுந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், மனம் பதறும். பார்ப்பவர் "வீண் பயம்" என்பார். அது குறைந்தால் உடல் சோரும், நினைவு மந்தமாகும், எதிலும் நாட்டமிராது. பார்ப்பவர் "மனச்சோர்வு" என்பார்.

1891ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்ற மருத்துவர், தைராய்டு குறைபாட்டால் உடலும் பேச்சும் மந்தமாகிப்போன ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். அவர் தெளிந்தார், மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆயிரம் அறிவுரைகள் செய்யமுடியாததை ஒரு சுரப்பியின் சாறு செய்தது!

அப்படியானால் எல்லாக் கவலைக்கும் ஹார்மோன்தான் காரணமா? இல்லை. மனச்சோர்வுற்றோரில் பெரும்பாலோருக்குத் தைராய்டு சரியாகவே இருக்கிறது. பரம்பரை, உறக்கமின்மை, வீட்டுக் கடன், தேர்வு பயம், தனிமை எனக் காரணங்கள் பல. நெருக்கடி நீடித்தால் சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசோலை மிகுதியாகச் சுரக்கக்கூடும். அது உறக்கத்தையும் மனநிலையையும் பாதிக்கக்கூடும். ஆகவே ஹார்மோன் மனத்தை மாற்றுகிறது. வாழ்க்கை ஹார்மோனை மாற்றுகிறது. இது ஒருவழிப் பாதையன்று.

எனவே என் கருத்து இதுதான்: நீடித்த சோர்வையும் பதற்றத்தையும் காய்ச்சலைப் போலவே மருத்துவரிடம் காட்டவேண்டும். தைராய்டு குறைபாட்டை அறிய ஓர் இரத்தப் பரிசோதனை போதும். அதில் குறையில்லை என்றால் "உனக்கு ஒன்றுமில்லை" என்று பொருளன்று. மனநல மருத்துவரைப் பார்க்கவேண்டும் என்றே பொருள். தேனி க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசவும் வசதி உண்டு.

இரண்டு வாரங்களுக்கு மேல் உங்கள் மனமோ உங்கள் தோழரின் மனமோ வாடியிருந்தால், ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தாலோ, ஒரு நாளும் காத்திராதீர்கள். வாடிய பயிரை எந்த விவசாயியும் திட்டுவதில்லை. காரணத்தைத் தேடுகிறார். அதுவே அறிவியல்.