வெள்ளைக்காரன் ரத்தத்திலேயே இருக்கிறதா?



போன வாரம் நான் போட்ட ஆறு மலைப் படங்களுக்கு லைக் போட்ட எல்லோருக்கும் நன்றி. முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தவர்களுக்கும் நன்றி. வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் முழங்காலைவிட அதிகமாக வலித்தது அந்தப் படங்களுக்குக் கீழே வந்த ஒரு கருத்து. என்னிடம் படித்த ஒருவர் எழுதியது: "சார், வெள்ளைக்காரன் இயற்கையை எப்படிப் பொத்திப் பொத்தி வச்சிருக்கான் பாருங்க. அது அவன் ரத்தத்துலயே இருக்கு. நம்மாளு இன்னும் நூறு வருஷம் ஆனாலும் திருந்த மாட்டான்."

இதற்கு எழுபது பேருக்கு மேல் கைதட்டியிருக்கிறார்கள். அதில் பாதிப் பேராவது என் வகுப்பில் உட்கார்ந்து வரலாறு படித்தவர்கள். பெயர் சொல்ல மாட்டேன், எழுதியவருக்கே தெரியும். நல்ல பையன். அன்றைக்கும் பாடம் படிக்காமல்தான் தைரியமாகப் பரீட்சைக்கு வருவான்.

முதலில் நான் போன இடம் எது என்று சொல்லிவிடுகிறேன். மகள் வீடு மான்செஸ்டரில். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் ஹேஃபீல்டு என்ற கிராமம் வந்துவிடும். அதையொட்டி ஆரம்பிப்பது பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா. பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா இதுதான், 1951 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. பூங்கா என்றதும் முதுமலை மாதிரி செக்போஸ்ட்டும் டிக்கெட்டும் நினைக்க வேண்டாம். சுமார் 1,437 சதுர கிலோமீட்டரில் ஊர்கள், பண்ணைகள், கல்குவாரிகள், ஆடுகள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. நிலத்தில் பெரும்பகுதி தனியாருடையது. உயரமான இடம் கிண்டர் ஸ்கவுட், 636 மீட்டர். நம் ஏற்காட்டில் பாதி உயரம்கூட இல்லை. ஆனால் அந்தக் காற்று இருக்கிறதே! என் குரங்குக் குல்லாயைக் கழற்றிக்கொண்டு போகப் பார்த்தது.

அந்த ஊரில் பவுடன் பிரிட்ஜ் என்ற இடத்தில் ஒரு பழைய கல்குவாரி உண்டு. இப்போது கார் நிறுத்துமிடம். பாறைச் சுவரில் ஒரு பலகை பதித்திருக்கிறார்கள். நான் போட்ட ஆறு படங்களில் அதுவும் ஒன்று. ஒருவர்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. அருவி படத்துக்கு மட்டும் இதயம் இதயமாக விழுந்திருக்கிறது.

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளர்களும் வேலையில்லாத இளைஞர்களுமாக அந்தக் குவாரியில் கூடினார்கள். சுமார் 400 பேர் என்று சொல்வது வழக்கம். ஆறு நாள் புகையும் தூசியும் தின்றவர்களுக்கு ஏழாம் நாள் மூச்சுவிடக் கண்ணெதிரே மலை. ஆனால் ஏற முடியாது. முன்பு சுற்று ஊர்க்காரர்கள் ஆடு மேய்த்த அந்த மேட்டுநிலம், வேலி போட்டுப் பிரபுக்கள் கைக்குப் போய்ப் பல காலம் ஆகியிருந்தது. எதற்கு வைத்திருந்தார்கள் தெரியுமா? க்ரௌஸ் என்று நம் கௌதாரி மாதிரி ஒரு பறவை. ஆகஸ்ட் 12-க்குப் பிறகு சீமான்கள் துப்பாக்கியோடு வந்து அதைச் சுடுவார்கள். அந்தப் பறவைக்காக, வருஷம் முழுக்கக் கைத்தடியோடு காவல்காரர்கள் நின்று மனிதர்களை விரட்டினார்கள்.

பென்னி ராத்மன் என்ற இருபது வயதுப் பையன் குவாரியில் ஒரு பாறைமேல் ஏறி நின்று பேசினான். கூட்டம் மலையேறியது. சரிவில் காவல்காரர்களோடு தள்ளுமுள்ளு. ஒரு காவல்காரருக்குக் காயம். இறங்கி வரும்போது போலீஸ் பிடித்தது. அடுத்தவர் நிலத்தில் நடப்பது மட்டும் அங்கே குற்றவியல் குற்றம் அல்ல. அதனால் கலகம் செய்யக் கூடியதாக வழக்கு. டெர்பி நீதிமன்றத்தில் ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. ராத்மனுக்கு நான்கு மாதம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நடைப்பயணச் சங்கங்களின் பெரிய மனிதர்களே அன்றைக்கு இவர்களை ஆதரிக்கவில்லை, காரியம் கெட்டுப்போகும் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ஆனால் தண்டனை வெளிவந்ததும் நாடே பேச ஆரம்பித்தது.

இப்போது சொல்லுங்கள். வழிமறித்தவன் வெள்ளைக்காரன். மறிக்கப்பட்டவன் வெள்ளைக்காரன். சிறைக்கு அனுப்பிய நீதிபதியும் வெள்ளைக்காரன். இதில் யார் ரத்தத்தில் இருந்ததாம் அந்தக் குணம்?

தேசியப் பூங்காச் சட்டம் வர 1949 ஆயிற்று. திறந்த மேட்டுநிலங்களில் பாதையை விட்டும் தாராளமாக நடக்கலாம் என்ற சட்டம் 2000-ல்தான் வந்தது. ராத்மன் தொண்ணூறு வயதில், 2002 ஜனவரியில் காலமானார். அந்த ஏப்ரலில் எழுபதாம் ஆண்டு விழாவுக்கு டெவன்ஷயர் பிரபு அதே குவாரிக்கு வந்து, தன் தாத்தா காலத்தில் நடந்தது தவறு என்று மன்னிப்புக் கேட்டார். மூன்று மாதம் தாமதம். இன்றைக்கும் இங்கிலாந்தில் இப்படித் தாராளமாக நடக்க உரிமையுள்ள நிலம் நூற்றுக்கு எட்டுப் பங்குதான்.

சரி, "பொத்திப் பொத்தி" வைத்த கதைக்கு வருவோம். படத்தில் நீங்கள் "என்ன அழகு" என்று எழுதிய அந்த மொட்டை மேடு இயற்கையாக மொட்டையானதே அல்ல. அங்கே காடு இருந்தது, பழங்காலத்திலிருந்து வெட்டியும் எரித்தும் மேய்த்தும் அழித்தார்கள். மேலே மூடியிருப்பது பீட் என்ற கறுப்பு மண். பாசியும் செடியும் ஈரத்தில் முழுதாக மக்காமல் பல ஆயிரம் வருஷமாகப் படிந்து உண்டானது. பாசி இருந்தால்தான் அது ஸ்பாஞ்சு போல நீர் பிடிக்கும். மான்செஸ்டர் ஆலைகளின் கரிப்புகை மழையோடு இறங்கி அந்தப் பாசியைக் கொன்றது. மண் வெடித்து, ஆள் உயரத்துக்கு வாய்க்கால் வாய்க்காலாக அரித்துப் போனது. இருபது வருஷத்துக்கும் மேலாக ஹெலிகாப்டரில் கல் கொண்டுவந்து அந்த வாய்க்கால்களை அடைத்து, பாசியைக் கையால் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பாராட்டுங்கள், நானும் பாராட்டுகிறேன். ஆனால் அது பாட்டன் செய்த பாவத்துக்குப் பேரன் செய்யும் பரிகாரம். (அதே வெள்ளைக்காரன்தான் நம் நீலகிரிப் புல்வெளியில் தைலமரமும் சீகையும் கொண்டுவந்து நட்டான். அப்போது அவன் ரத்தம் எங்கே போயிருந்தது?)

குப்பையே இல்லை என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். நாய்க் கழிவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, முள்மரத்தில் தோரணம் போலத் தொங்கவிட்டிருந்ததை நான் படம் எடுக்கவில்லை. அவ்வளவுதான்.

இதையெல்லாம் விட்டுவிட்டு "வயசானவர், என்னமோ எழுதுகிறார்" என்று நீங்கள் போகலாம். நான் விடாததற்குக் காரணம் வீட்டுக்குள்ளேயே நடந்த ஒன்று. மருமகனின் தம்பி எங்களோடு வந்திருந்தார். மசாலா தடவிய கோழி ஒரு டப்பாவில். கூடவே கடையில் வாங்கிய, ஒரு தடவை எரித்துத் தூக்கிப்போடும் அலுமினியத் தட்டு அடுப்பு. நீர்த்தேக்கத்தைத் தாண்டிப் புல்லில் வைத்துத் தீக்குச்சியை எடுத்துவிட்டார். மேட்டுநிலத்தில் தீ மூட்டக் கூடாது. பீட் காய்ந்திருந்தால் தீ மண்ணுக்குள்ளேயே புகுந்து நாள்கணக்கில் புகையும். 2018 கோடையில் இதே பூங்காவின் வடமேற்கு ஓரத்தில் சாடில்வொர்த் மேடு பற்றி எரிந்து, ராணுவத்தையே கூப்பிட வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் சிரித்தார். "விடுங்க மாமா. இது அவங்க ஊரு, அவங்க பாத்துப்பாங்க."

கருத்து எழுதிய மாணவரும் இவரும் ஒரே ஆள்தான். ஒருவர் மலையை வெள்ளைக்காரனின் சாதனை என்கிறார், இன்னொருவர் வெள்ளைக்காரனின் பொறுப்பு என்கிறார். இரண்டு பேருமே தங்கள் பங்கைக் கைகழுவிவிட்டார்கள். அடுப்பை நான் பிடுங்கிக்கொண்டேன். அன்றைக்கு முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. கோழியை வீட்டுக்கு வந்து தோசைக்கல்லில் வாட்டிச் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது.

திரும்பி வருகிற வழியில் ஒரு பண்ணையின் மரக்கதவு. பொது நடைபாதை என்று அம்புக்குறி போட்டிருக்கிறது, உள்ளே ஆடு மேய்கிறது. ஒன்பது வயதுப் பேத்தி கதவில் கை வைக்காமல் நின்றுவிட்டாள். மான்செஸ்டரிலேயே பிறந்தவள். "தாத்தா, இது வேற யாரோடதோ. நாம போகலாமா?"

ரத்தத்தில் இருக்கிறது என்று நீங்கள் எழுதியதை நம்பினால், அந்தக் குழந்தைக்கு நான் என்ன பதில் சொல்வது? போகலாம் என்றேன். கதவைத் திறந்து, உள்ளே போனதும் மறக்காமல் கொக்கி போடச் சொன்னேன், ஆடு வெளியே போய்விடும். கார் வரைக்கும் ராத்மன் கதையைச் சொன்னேன். "ஜெயில்ல அவருக்கு யார் சாப்பாடு போட்டாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

கருத்துப் பெட்டி திறந்தே இருக்கிறது, மறுப்பு எழுதலாம். ஆனால் முதலில் பலகைப் படத்தைப் பெரிதாக்கிப் படித்துவிட்டு எழுதவும். "வெள்ளைகாரன்" என்று ஒற்று இல்லாமல் எழுதினால் அன்றைக்குப் போலவே இன்றைக்கும் அரை மதிப்பெண் போகும்.