அறிவியல் திண்ணை: பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால்...



பால் மரங்கள் சாய்க்கப்பட்டு, லயங்கள் உடைபட்டு, வீடமைப்புப் பகுதிகளாகிவிட்ட தோட்டங்கள் எத்தனையோ! அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் பல பட்டணங்களுக்குப் பிரிந்து போய்விட்டார்கள். ஆனாலும் ஆலயத் திருவிழாப் படங்கள், தமிழ்ப்பள்ளிப் பதிவேடுகளின் படிகள், மரண சகாய நிதிக் கணக்கு, பெரியவர்களின் பிறப்புப் பத்திர நகல்கள் ஆகியவற்றைத் திரட்டி, கணினிப் பெட்டி ஒன்றில் ஏற்றிக் காத்துவரும் இளைஞர்கள் நம்மிடையே உண்டு. பாராட்ட வேண்டிய பணி இது. ஆனால் அந்தப் பெட்டியில் ஒரு நாள் திடீரென்று சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்வது? அதைத்தான் இம்முறை பார்க்கப் போகிறோம்.

கிராணியார் கணக்கு

1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுச் சாதனத்தில், 24 அங்குல அகலமுள்ள தட்டுகள் 50 இருந்தன. அத்தனையும் சேர்ந்து ஏறக்குறைய 50 லட்சம் எழுத்துகளைத்தான் தாங்கின. இன்று உள்ளங்கை அகல வன்தட்டு ஒன்று அதைப்போல் பல லட்சம் மடங்கு தாங்குகிறது. ஆனால் சுழலுகின்ற எந்தப் பொருளும் ஒரு நாள் தேயத்தான் செய்யும்.

இதற்கு மாற்று வழியை 1988-ஆம் ஆண்டு சிக்காகோ மாநாட்டில் எடுத்துரைத்தவர்கள், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர். விலை உயர்ந்த பெரிய தட்டு ஒன்றை நம்புவதைவிட, மலிவான தட்டுகள் பலவற்றை ஒன்றாகப் பூட்டலாம் என்பது அவர்கள் கருத்து. அந்த ஏற்பாட்டுக்கு ‘ரெய்டு’ என்று பெயர்.

அது எப்படிக் காப்பாற்றுகிறது? ஒருவர் 7 கிலோ பால் கொண்டு வந்தார். இன்னொருவர் 5 கிலோ கொண்டு வந்தார். கிராணியார் மொத்தம் 12 என்று தனியாக எழுதி வைத்தார். நடுவில் ஒருவர் கணக்கு மட்டும் அழிந்து போனால், மொத்தத்தில் மற்றவர் கணக்கைக் கழித்து அதைக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? ‘ரெய்டு 5’ செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். ஆனால் இரண்டு எண்கள் ஒன்றாக அழிந்தால் மொத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? ஆகவே ‘ரெய்டு 5’ ஒரு தட்டின் இழப்பைத்தான் தாங்கும். ‘ரெய்டு 6’ இரண்டைத் தாங்கும். ‘ரெய்டு 1’ என்பது ஒன்றைப் போலவே இன்னொன்றில் எழுதி வைப்பது. ‘ரெய்டு 0’ எதையும் தாங்காது. அதில் ஒன்று போனால் எல்லாம் போயிற்று.

முதலில் செய்யக் கூடாதவை

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். சிவப்பு விளக்கைக் கண்டதும் பெட்டியைப் பலமுறை நிறுத்தி நிறுத்தி ஓட்டக் கூடாது. தட்டுகளை ஒவ்வொன்றாக உருவிப் பார்க்கக் கூடாது. திரையில் ‘இனிஷியலைஸ்’, ‘பார்மெட்’ என்ற சொற்கள் வந்தால் அவற்றை அழுத்தவே கூடாது. அவை பழுது பார்ப்பவை அல்ல. பழைய ஏற்பாட்டையே கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குபவை.

கோப்புகள் இன்னும் திறக்கின்றனவா என்று பாருங்கள். திறந்தால், திரும்பக் கிடைக்காதவற்றை உடனே வேறொரு தட்டில் படியெடுத்துவிடுங்கள். மற்ற வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான். பெட்டிக்குள் ‘டக், டக்’ என்று சத்தம் கேட்டு, கோப்பும் திறக்காவிட்டால், மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தரவு மீட்பதில் தேர்ந்தவர்களை நாடுங்கள். தட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டாம். உள்ளே ஒரு தூசி போனாலும் ஆபத்து.

நோய் எங்கே?

அடுத்து, பெட்டியின் குறிப்பேட்டைப் படியுங்கள். எந்த இடத்துத் தட்டு, அதன் வரிசை எண் என்ன என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தட்டும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும். அதற்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர்.

அதில் இடம் மாற்றப்பட்ட பகுதிகள், படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள் ஆகியவற்றின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், நோய் தட்டில்தான். மாற்றிவிடுவதே நல்லது. ‘சி.ஆர்.சி.’ பிழை மட்டும் கூடியிருந்தால், பெரும்பாலும் குற்றம் கேபிளில் இருக்கும். கேபிளை மாற்றிப் பாருங்கள். பழைய எண்ணிக்கை குறையாது. ஆனால் மேலும் ஏறாமல் நின்றுவிட்டால் நோய் தீர்ந்தது என்று கொள்ளலாம்.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று தட்டுகள் காணாமல் போனால், எல்லாம் ஒன்றாகச் செத்துவிட்டன என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மின்சாரப் பகுதியோ, கேபிளோ, தட்டுகளை இணைக்கும் அட்டையோ கெட்டிருக்கலாம்.

சாதாரண மேசைக் கணினித் தட்டைப் பூட்டுவதாலும் தொல்லை வருவதுண்டு. படிக்க முடியாத இடம் வந்தால் அது நெடுநேரம் முயன்றுகொண்டே இருக்கும். பதில் வராததால் ‘இது செத்துவிட்டது’ என்று பெட்டி அதைத் தள்ளிவிடும். ரெய்டுக்கென்றே செய்யப்படும் தட்டுகளோ சுமார் 7 வினாடியில் முயற்சியை நிறுத்திப் பதில் சொல்லிவிடும்.

மாற்றும்போது கவனம்

புதிய தட்டு பழையதன் அளவோ, அதற்கு மேலோ இருக்க வேண்டும். உருவுவதற்கு முன் வரிசை எண்ணை இருமுறை சரிபாருங்கள். ‘ரெய்டு 5’இல் கெட்ட தட்டு உள்ளே இருக்க, நல்ல தட்டை உருவிவிட்டால் மொத்த ஏற்பாடும் நின்றுபோகும்.

புதிய தட்டை நிரப்பும் வேலை பல மணி நேரம் நடக்கும். பெரிய தட்டானால் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அப்போது மிஞ்சியிருக்கும் தட்டுகளை முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். பல ஆண்டுகளாகத் தொடாத ஒரு மூலையில் ஒளிந்திருந்த பழுது அப்போதுதான் தலைகாட்டும். முதலில் படியெடுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான். மாதம் ஒருமுறை ‘ஸ்க்ரப்’ என்னும் முழுச் சோதனையை ஓடவிட்டால், இத்தகைய பழுதை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம். இடி மின்னல் மிகுந்த நம் நாட்டில், மின்தடை தாங்கும் பேட்டரிப் பெட்டி ஒன்றும் அவசியம்.

இன்னொரு படி எங்கே?

கடைசியாக ஒன்று. ரெய்டு இருப்பதால் நகல் தேவையில்லை என்று எண்ணுவது பெரும் தவறு. கை தவறி ஒரு படத்தை அழித்தால், எல்லாத் தட்டிலும் அது அழியும். வெள்ளமோ தீயோ வந்தால் எல்லாத் தட்டும் ஒன்றாகப் போகும். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரசாங்கத் தரவு மையத்தில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த 858 டெராபைட் களஞ்சியம் அழிந்தது. வெளியே அதற்கு நகல் இல்லை. ஓர் அரசாங்கத்துக்கே இந்தக் கதி என்றால், நம் ஆலயப் பெட்டி எம்மாத்திரம்?

எனவே, செயலாளர் வீட்டில் ஒரு நகல், வேறு ஊரில் இருக்கும் உறுப்பினர் வீட்டில் ஒரு நகல் என்று வையுங்கள். ஆண்டுக்கு இருமுறை அதைத் திறந்து, படங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். இன்றைய விலையில் புதுத் தட்டு வாங்கக் கடை இருக்கிறது. இடித்துவிட்ட லயத்தின் வாசலில் தாத்தாவும் பாட்டியும் நின்று எடுத்த படத்தை எந்தக் கடையில் வாங்குவது?