கார்ப்பெட்டோடு ஒரு கபடி

எம்.எஸ். படிக்க அமெரிக்கா கிளம்பறீங்களா? பெட்டியில குக்கர் வெச்சாச்சு, பருப்புப் பொடி வெச்சாச்சு, ஊறுகாய் பாட்டிலுக்கு மூணு சுத்து பிளாஸ்டிக் கவரும் சுத்தியாச்சு. சரி, அங்கே வீடு பெருக்குறது எப்படின்னு யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?

சிரிக்காதீங்க பாஸ். நம்ம ஊர்ல சிமென்ட் தரை, டைல்ஸ். விளக்குமாத்தால நாலு இழுப்பு இழுத்தா வேலை முடிஞ்சது. அங்கே நிறைய வாடகை அபார்ட்மென்ட்கள்ல இந்தச் சுவர்லேர்ந்து அந்தச் சுவர் வரைக்கும் கார்ப்பெட்தான். நீங்க காலி பண்ணும்போது அது இருக்கிற லட்சணத்தையும் பார்த்துத்தான் டெபாசிட் பணம் திரும்பக் கைக்கு வரும்.

என் ஃப்ரெண்டு ஒருத்தன், கூட மூணு பேர், ஒரே வீடு. ஊர் மாறிப் போன சீனியர் ஒரு வாக்குவம் கிளீனரை விட்டுட்டுப் போனார். "செம பவர்டா, பத்திரமா வெச்சுக்கோ"ன்னு சர்டிஃபிகேட் வேற. பெட்ரூம் கார்ப்பெட்டோ மெத்து மெத்துனு, கால் வெச்சா விரல் புதையுற ரகம். ஸ்விட்சைப் போட்டதும் மெஷின் கார்ப்பெட்டைக் கவ்விக்கிட்டு நகரவே மாட்டேன்னுடுச்சு. ஒருத்தன் தள்ள, இன்னொருத்தன் இழுக்க, கபடிதான். ரெண்டு வாரத்துல வெறுத்துப்போய் அலமாரிக்குள்ள தள்ளிட்டாங்க. அப்புறம் ஒரு வருஷத்துக்குச் சாதப் பருக்கை, தலைமுடி எல்லாம் கார்ப்பெட்டுக்குள்ளேயே குடித்தனம். கடைசியில டெபாசிட்ல பெரிய துண்டு 'கிளீனிங் செலவு'ன்னு கழிஞ்சு போச்சு. இதுல கொடுமை என்னன்னா, மெஷின்ல ஒரு ரிப்பேரும் கிடையாது. உயரம் மாத்துற குமிழ் கடைசிப் படியில கீழே இறங்கிக் கிடந்திருக்கு. யாரும் அதைத் தொட்டே பார்க்கலை!

விஷயம் இவ்வளவுதான். தூசியைத் தூக்கிட்டுப் போறது வேகமா ஓடுற காத்து. மெல்லிசு இழை நெருக்கமா இருக்கிற கார்ப்பெட்ல மெஷினோட வாய் புதைஞ்சு நாலு பக்கமும் அடைச்சுக்கும். கூல்டிரிங்க்ஸ் ஸ்ட்ராவோட நுனியை உள்ளங்கையில அழுத்தி உறிஞ்சிப் பாருங்க. கையோட ஒட்டிக்கும், உள்ளே ஒண்ணும் வராது. இங்கேயும் அதே கதை. பவர் கூடக் கூட இன்னும் இறுக்கமா ஒட்டும்.

அதனால வாங்கும்போது பெட்டி மேல பெருசா அடிச்சிருக்கிற '12 ஆம்ப்'பைப் பார்த்து மயங்காதீங்க. அது மெஷின் எவ்வளவு கரன்ட் குடிக்கும்ங்கிற கணக்கு, எவ்வளவு தூசி எடுக்கும்ங்கிற கணக்கு இல்லை. உயரம் மாத்துற வசதி இருக்கா, அடியில சுத்துற பிரஷ்ஷை மட்டும் தனியா நிறுத்த முடியுமா, இழுவையைக் குறைக்கக் குழாய்லயோ வாய்ப்பக்கமோ ஒரு திறப்பு இருக்கா, சக்கரம் பெருசா இருக்கா... இதுதான் முக்கியம். கலர் எல்லாம் அப்புறம்.

ஓட்டுறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. உயரத்தை முதல்ல உச்சத்துல வைங்க. ஒவ்வொரு படியா இறக்குங்க. பிரஷ் இழை நுனியைத் தொட்டதும் மெஷின் லேசா உங்களை முன்னாடி இழுக்கும் பாருங்க, அங்கேயே நிறுத்துங்க. பிறகு அவசரமே கூடாது. சாமி ஊர்வலம் மாதிரி மெதுவா ஒரு தடவை நீளவாக்குல, இன்னொரு தடவை குறுக்குவாக்குல. வேகமா பத்து தடவை தேய்க்கிறதைவிட இதுல மண் அதிகமா வரும். இழை ரொம்ப நீளமா இருந்தாலோ, வளையம் வளையமா நெய்த கார்ப்பெட்டா இருந்தாலோ பிரஷ்ஷை நிறுத்திட்டு வெறும் காத்துல எடுங்க. இல்லேன்னா நூல் சுத்திக்கிட்டு உருவிட்டு வந்துடும்.

வீஸிங் இருக்கிறவங்க பை போடுற மெஷினா, ஹெப்பா ஃபில்டரோட வாங்குங்க. டப்பா மாடல்ல குப்பையைக் கொட்டும்போது பாதி தூசி உங்க மூஞ்சியிலதான். இந்த மெஷின் வீட்டுக்குள்ள வந்த கதையே ஒரு ஆஸ்துமா கதை தெரியுமா? அமெரிக்காவில ஒஹையோ மாநிலம் கேன்டன் ஊர்ல, ஒரு கடையில துப்புரவு வேலை பார்த்தவர் ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர். கார்ப்பெட் தூசி அவருக்கு மூச்சு முட்ட வெச்சது. ஃபேன் மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை எல்லாத்தையும் கோத்து 1907-ல ஒரு மெஷின் பண்ணினார். 1908-ல பேடன்ட். அந்த உரிமையை வாங்கினவர் பேர்தான் ஹூவர். உலகத்துக்கே தெரிஞ்சது அந்தப் பேர்தான், ஸ்பாங்ளரை யாருக்குத் தெரியும்?

மாசம் ஒரு தடவை ப்ளக்கைப் பிடுங்கிட்டு, பிரஷ்ல சுத்தின முடியைக் கத்திரியால வெட்டி எடுங்க. குடிபோற அன்னிக்கே, சாமான் இறக்குறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு ரூம் கார்ப்பெட்டையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிடுங்க. பழைய கறை உங்க தலையில விழாது.

அப்புறம், "எங்க வீட்லயே ஒண்ணு சும்மா கிடக்கு, எடுத்துட்டுப் போறேன்"னு கிளம்பிடாதீங்க. நம்ம ஊர் கரன்ட் 230 வோல்ட், அங்கே 120. அந்த இடத்துல இன்னும் ரெண்டு கிலோ பருப்புப் பொடி வைங்க.