எத்தனை தரம் 'ஓம்' சொல்லுறது? – 'பிரேவ்லி டிஃபோல்ட்' விளையாடி முடிச்ச பிறகு

போன லீவுக்கு எங்களில் ஒருத்தியின் மாமா வெளிநாட்டில இருந்து வந்தபோது, தன்ர மகன் பாவிச்சு விட்ட நின்டெண்டோ 3டிஎஸ் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அதுக்குள்ள இருந்தது ஒரே ஒரு கேம்: பிரேவ்லி டிஃபோல்ட். நாங்கள் நாலு பேர் முறை வச்சு விளையாடினம். முடிச்ச நாளில இருந்து எங்களுக்குள்ள ஒரே வாக்குவாதம். அதில மிஞ்சினதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அறிமுகம். சிலிக்கன் ஸ்டூடியோ உருவாக்கி, ஸ்குயர் எனிக்ஸ் 2012இல் ஜப்பானில் வெளியிட்ட ரோல்-பிளேயிங் கேம் இது. பழைய ஃபைனல் ஃபன்டசி கேம்களின் வாரிசு என்று சொல்லலாம். நாலு கிறிஸ்டல்கள், அவற்றை இருள் மூடிவிட்டது, நாலு இளம் ஆட்கள் போய் அவற்றை எழுப்ப வேண்டும். ஊர் முழுக்க நிலப்பிளவில் விழுந்து போக, தனியே தப்பின டிஸ். காற்றுக் கிறிஸ்டலின் பூசாரிப்பெண் அன்யெஸ். ஞாபகம் தொலைத்த ரிங்கபெல். எதிரி நாட்டுத் தளபதியின் மகள் ஈடியா. வழிகாட்ட எயரி என்ற குட்டித் தேவதை.

இதன் பெரிய பலம் சண்டை முறை. 'டிஃபோல்ட்' என்றால் உங்கள் முறையில் அடிக்காமல் தற்காத்துக்கொண்டு, அந்த முறையைச் சேமிப்பது. 'பிரேவ்' என்றால் சேமித்ததைச் சேர்த்து ஒரே தடவையில் நாலு அடி வரை அடிப்பது. சேமிப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கடனுக்கு அடிக்கலாம். கன்ரீன் கடன் மாதிரித்தான்: எதிரி விழுந்தால் தப்பினீர்கள், விழாவிட்டால் கடன் தீரும் வரை கையைக் கட்டிக்கொண்டு அடி வாங்க வேண்டியதுதான். இவ்வளவு எளிமையான விதி ஒவ்வொரு சண்டையையும் யோசிக்க வைக்குது. அதோட 24 வேலைகள் இருக்கு. ஒரு வேலையில் படிச்ச திறமையை இன்னொன்றோடு கலக்கலாம். எங்கள் நாலு பேரில ஒருவரின் கலவையை மற்றவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

இன்னொரு நல்ல விஷயம், வழியில் எதிரிகள் எவ்வளவு அடிக்கடி வர வேண்டும் என்பதை நாங்களே கூட்டிக் குறைக்கலாம், முழுக்க நிப்பாட்டவும் செய்யலாம். எக்ஸாம் கிழமையில் இது பெரிய உதவி. இசை ரேவோவினுடையது. அதைக் கேட்கிறதுக்கெண்டே சில சண்டைகளை இழுத்தடிச்சம்.

குறைகளும் இருக்கு. ரிங்கபெல் பெண்களைக் கண்டவுடன் வழியிறது முதல் பத்துத் தரம் சிரிப்பு, பிறகு எரிச்சல். அழிந்த ஊரைத் திருப்பிக் கட்டுற பகுதியில், வேறு 3டிஎஸ் வச்சிருக்கிறவர்களைத் தெருவில் கடந்து போனால் வேலையாட்கள் கூடுவார்கள். டோக்கியோ ரயிலில் அது சரிவரும். எங்கட பக்கம் அந்தக் கருவியோட இன்னொரு ஆளைக் கண்டுபிடிக்க முதலில் பேப்பரில் விளம்பரம் போடவேணும்.

ஆனால் பெரிய வாக்குவாதம் வேறொன்றில். கதை தெரியாமல் விளையாட விரும்புகிறவர்கள் இந்த இடத்தோட நிப்பாட்டுங்கோ.

நாலு அத்தியாயத்தில் நாலு கிறிஸ்டலையும் எழுப்பி முடிய, கேம் முடியவில்லை. கிட்டத்தட்ட அதே மாதிரியான இன்னொரு உலகத்தில் கண் விழிக்கிறோம். அங்கேயும் நாலு கிறிஸ்டல், அதே காவல் மிருகங்கள். 'திரும்ப எழுப்புங்கோ' என்கிறது எயரி. எழுப்புகிறோம். பிறகும் இன்னொரு உலகம். ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து எட்டு வரை இதேதான். கணக்குப் பார்த்தால் இருபது தரம் கிறிஸ்டல் எழுப்ப வேண்டும். பலர் இந்தக் கேமைப் பாதியில் வைத்துவிட்டுப் போனது இதனால்தான். எங்களில் ஒருத்தன் ஆறாம் அத்தியாயத்தில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான்.

எயரி பொய் சொல்கிறது என்பது அதுக்கு முதலே விளங்கிவிடும். தலைப்புப் பக்கத்தில் இருக்கிற உபதலைப்பில், பிறகு சில எழுத்துகள் விழுந்து 'எயரி பொய் சொல்கிறது' என்ற அர்த்தம் வரும். அப்படியிருந்தும் பட்டனை அமத்திக்கொண்டுதான் இருந்தம். கிறிஸ்டலை எழுப்ப எக்ஸ் பட்டனைத் தட்ட வேணும். 'போதும், நிப்பாட்டு' என்று எயரி சொல்லச் சொல்ல நிப்பாட்டாமல் தட்டினால் கிறிஸ்டல் உடையும், பொய்யும் உடையும். அந்த வழி எங்கட கையிலேயே இருந்தது. எங்களுக்குத் தோன்றவில்லை.

முதலாம் வருடம் நினைவுக்கு வந்தது. செய் என்றார்கள், செய்தோம். ஏன் என்று கேட்கவில்லை. அது பிழை என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த வருடம் ஜூனியர்ஸ் வந்தபோது அதே வசனம் எங்கட வாயிலிருந்தும் வந்தது. புது பட்ச், அதே சுற்று. நாங்கள் பட்டனைத் தட்டிக்கொண்டிருந்ததை இதைவிட நல்லாக் காட்டின ஒன்றை நாங்கள் வாசித்ததும் இல்லை, பார்த்ததும் இல்லை. அந்த அலுப்பு வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று எங்களில் இரண்டு பேர் அடிச்சுச் சொல்லுறம்.

மற்ற இரண்டு பேரின் பதில் இது: கிறிஸ்டலை உடைத்தால் கிடைப்பது குறை முடிவு. உண்மையான வில்லனும் முழு முடிவும் எட்டாம் அத்தியாயம் வரை சொன்னபடி செய்தவர்களுக்குத்தான். மறுக்கத் துணிவு வேண்டும் என்று சொல்லும் கதை, கடைசியில் பரிசைக் கீழ்ப்படிந்தவன் கையில் கொடுக்குது. இதுக்கு எங்களிடம் பதில் இல்லை. கேமின் மெய்யான பலவீனம் திரும்பத் திரும்ப வருவது அல்ல, தான் சொன்னதைத் தானே முழுக்க நம்பாததுதான் என்பதை நாலு பேரும் இப்போது ஒத்துக்கொள்கிறோம்.

2025 ஜூனில் ஸ்விட்ச் 2க்கு இதன் மெருகூட்டிய பதிப்பு வந்துவிட்டது. கையில் கிடைத்தால் விளையாடுங்கோ. விளையாடினால் எங்களை மாதிரி இருபது தரம் காத்திருக்காதேங்கோ. சந்தேகம் வந்த உடனே உடைத்துப் பாருங்கோ, குறை முடிவென்றாலும் பரவாயில்லை. பழைய சேவுக்குத் திரும்பிப் போய் மற்ற முடிவையும் பார்க்கலாம். கம்பஸில் அந்த வசதி இல்லை. இந்த வருட ஜூனியர்ஸ் அடுத்த மாதம் வருகினம்.