மூடுவது எளிது, திறப்பது அரிது

பாடங்களில் மிக எளிதானது எது என்று உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "பூகோளம்தான்! ஆறுகளின் பெயரையும் தலைநகரங்களையும் உருப்போட்டால் போதுமே!" என்று பல குரல்கள் எழும். கணக்கில் வல்லவர் பொறியியலுக்குப் போக வேண்டும், உயிரியலில் வல்லவர் மருத்துவத்துக்குப் போக வேண்டும், வேறு இடம் கிடைக்காதவர் புவியியலுக்குப் போகலாம் என்று பெரியவர்கள் பேசுவதையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

இந்த எண்ணம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. உலகப் புகழ் பெற்ற ஒரு பல்கலைக்கழகமும் ஒரு காலத்தில் புவியியலைக் குறைவாகவே மதித்தது. அதனால் என்ன நேர்ந்தது என்று தெரிந்துகொண்டால், பல்கலைக்கழகங்களில் புவியியல் துறைகளை ஏன் காத்து வலுப்படுத்த வேண்டும் என்பது விளங்கும்.

அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பாறைகளை ஆராயும் நிலவியலும் புவியியலும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில், புவியியல் ஆசிரியர் ஒருவருக்குப் பதவி உயர்வு தருவது பற்றி அங்கே சச்சரவு எழுந்தது. பேச்சு வளர்ந்து, "புவியியல் என்பது பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தக்க தனி அறிவியல்தானா?" என்ற கேள்வியில் வந்து நின்றது. புவியியலாளர்களே இதற்குத் தெளிவான ஒரே விடையைச் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த ஜேம்ஸ் கோனன்ட் ஒரு வேதியியல் அறிஞர். 1948-இல் அவர் புவியியல் கல்வியை நிறுத்திவிட முடிவு செய்தார்.

கதை அத்துடன் முடியவில்லை. 1965-இல் அதே ஹார்வர்டில், கட்டடக் கலைஞரான ஹோவர்டு ஃபிஷர், கணிப்பொறியைக் கொண்டு நிலப்படம் வரையும் ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். எழுத்துகளை மட்டுமே அச்சிடத் தெரிந்த அந்நாளைய இயந்திரத்தில், ஓர் எழுத்தின் மேல் இன்னோர் எழுத்தை அடித்து, கருமை மிகுந்த இடம், குறைந்த இடம் என்று படங்களை உண்டாக்கினார்கள். இந்த ஆய்வுக்கூடம் வளர்ந்தபோது அதற்குப் புவியியல் அறிவு தேவைப்பட்டது. ஃபிஷருக்குப் பின் அதன் இயக்குநரான வில்லியம் வார்ன்ட்ஸ் ஒரு புவியியலாளர்! பின்னர் 2006-இல், பல்கலைக்கழகம் முழுமைக்கும் உதவுவதற்காகப் புவியியல் பகுப்பாய்வு மையம் ஒன்றையும் ஹார்வர்டு திறந்தது. வாசல் வழியே வெளியேற்றிய புவியியலைச் சன்னல் வழியே மீண்டும் அழைத்துக்கொண்டது எனலாம். ஆனால் இடையில் கழிந்தவை 58 ஆண்டுகள். அத்தனை காலம் அங்கே பயின்ற மாணவர் எவருக்கும் முழுமையான புவியியல் துறை ஒன்று கிடைக்கவில்லை.

ஹார்வர்டு மட்டுமன்று. 1980-களில் மிச்சிகன், சிக்காகோ, கொலம்பியா ஆகிய பல்கலைக்கழகங்களும் தங்கள் புவியியல் துறைகளை மூடின. இவற்றுள் மிச்சிகனில் பணியாற்றியவர்தாம் வால்டோ டோப்லர். அவர் 1970-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், டெட்ராயிட் வட்டாரத்தில் மக்கள்தொகை பெருகுவதைக் கணிப்பொறியால் காட்டினார். எல்லாப் பொருள்களுக்கும் ஒன்றோடொன்று உறவு உண்டு; ஆனால் அருகில் இருப்பவற்றின் உறவு நெருக்கமானது என்ற கருத்தையும் அதில் முன்வைத்தார். "இது என்ன பெரிய கண்டுபிடிப்பு?" என்று கேட்கிறீர்களா? மழைமானி இல்லாத ஒரு கிராமத்தில் எவ்வளவு மழை பெய்திருக்கும் என்று எப்படிக் கணிப்பீர்கள்? சுற்றியுள்ள ஊர்களின் அளவுகளை எடுத்து, அண்மையில் உள்ள ஊருக்கு அதிக மதிப்பும் தொலைவில் உள்ளதற்குக் குறைந்த மதிப்பும் தருவீர்கள் அல்லவா? மழை முதல் காற்று மாசு வரை எத்தனையோ கணிப்புகளின் அடிப்படை இதுவே.

"செயற்கைக்கோள் படம் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. பாறைக்கு நிலவியல் உண்டு. மழைக்கு வானிலையியல் உண்டு. மக்களைப் பற்றிச் சொல்லச் சமூகவியல் உண்டு. பிறகு புவியியலுக்கு என்ன வேலை?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு விடை சொல்ல நம் ஊர் நிகழ்ச்சி ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையும் அதன் சுற்றுப்புறமும் வெள்ளத்தில் மூழ்கின. தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மழை ஏன் பெய்தது என்பதை வானிலையாளர் சொல்வார். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் எவ்வளவு நீர் திறக்கப்பட்டது என்பதைப் பொறியாளர் சொல்வார். ஏரிகளையும் சதுப்பு நிலத்தையும் ஒட்டி மக்கள் ஏன் வீடு கட்டினார்கள் என்பதைப் பொருளியலார் சொல்வார். ஆனால் ஒரு தெருவில் நீர் கழுத்தளவு நின்றது ஏன், சற்றுத் தள்ளி இன்னொரு தெருவில் கணுக்கால் அளவோடு போனது ஏன்? நிலத்தின் சரிவு, பழைய ஏரியின் எல்லை, பள்ளிக்கரணைச் சதுப்பு சுருங்கியது, சாலையின் உயரம், வீட்டு மனையின் விலை ஆகிய எல்லாவற்றையும் ஒரே நிலப்படத்தில் வைத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். அப்படிப் பார்க்கப் பழக்குவதே புவியியல். படம் தானாகப் பேசாது. அதைப் படிக்கத் தெரிந்த கண் வேண்டும்.

அந்தக் கண்ணை யார் பயிற்றுவிப்பது? அதற்குத்தான் துறை வேண்டும். தமிழகத்தில் இதற்கு நல்ல மரபு உண்டு. 1926-இல் சென்னையில் தொடங்கிய புவியியல் சங்கமே பின்னாளில் இந்தியப் புவியியல் சங்கமாக வளர்ந்தது. ஆனால் மரபு மட்டும் துறையை வாழவைக்காது.

பத்தாம் வகுப்பு வரை புவியியல், சமூக அறிவியலின் ஒரு பகுதியாக வருகிறது. மேல்நிலை வகுப்பில் அது தனிப் பாடம். ஆனால் எல்லாப் பள்ளிகளிலும் கிடைப்பதில்லை. பள்ளியில் பாடம் இல்லையென்றால் கல்லூரியில் சேர மாணவர் வரமாட்டார். மாணவர் குறைந்தால் ஆசிரியர் பணியிடம் குறையும். ஆசிரியர் உருவாகாவிட்டால் பள்ளியில் பாடம் நடத்த ஆள் ஏது? செக்கு மாடு போல இப்படியே சுற்றி வருகிறோம். இந்தச் சுற்றை எங்கேனும் ஓரிடத்தில் வெட்டியாக வேண்டும். பல்கலைக்கழகத்தில் வெட்டுவதே நல்லது என்பது என் கருத்து.

என்ன செய்யலாம்? ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தைக் காலியாக விடாமல் நிரப்ப வேண்டும். புதிய கணிப்பொறி வாங்குவதோடு நிற்காமல், மாணவர்கள் ஆற்றங்கரைக்கும் வயலுக்கும் சந்தைக்கும் சென்று அளந்தறியப் பணம் ஒதுக்க வேண்டும். துறையினரும் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிராமல், பக்கத்து மருத்துவக் கல்லூரிக்கும் நகராட்சிக்கும் தங்கள் படம் எப்படி உதவும் என்று காட்ட வேண்டும். "உங்கள் அறிவியல் எது?" என்று கேட்டால் தடுமாறாமல் விடை சொல்ல வேண்டும். ஹார்வர்டு தரும் பாடம் இதுவே.

உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அடுத்த மழை நாளில் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவின் படத்தை வரைந்து, நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வழியில் வடிகிறது என்று அம்புக்குறி இடுங்கள். முன்பு அந்த இடத்தில் என்ன இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு அதையும் குறியுங்கள். பிறகு அந்தப் படத்தை உங்கள் ஆசிரியரிடம் காட்டி, "இதை மேற்கொண்டு எங்கே படிக்கலாம்?" என்று கேளுங்கள்.

ஒரு துறையை மூட ஒரு கையெழுத்துப் போதும். மீண்டும் திறக்க ஒரு தலைமுறை வேண்டும். அப்படிக் கேட்கும் மாணவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தால், மூடும் எண்ணம் எவருக்கும் எளிதில் வராது.