உறைநீரும் ஒரு மாணவன் வினாவும்

சுடுநீரையும் தண்ணீரையும் ஒரே குளிர்ப்பெட்டியில் வைத்தால் எது முந்தி உறையும்? தண்ணீரே என்று தயங்காது விடையிறுப்போம். சுடுநீர் முதலில் தண்ணீராகிப் பின்னரன்றோ பனிக்கட்டியாதல் வேண்டும்?

1963 ஆம் ஆண்டில், அன்று தாங்கனீக்கா எனப்பெற்ற நாட்டில், மகம்பா பள்ளி மாணவர் பனிக்கூழ் செய்தனர். பாலைக் காய்ச்சிச் சர்க்கரை கலந்து, ஆறிய பின் குளிர்ப்பெட்டியில் வைப்பது வழக்கம். இடம் கிடைக்காது போய்விடுமோ என்றஞ்சிய எரஸ்டோ எம்பெம்பா என்னும் சிறுவன் ஆறாத பாலையே வைத்துவிட்டான். வேறொருவன் காய்ச்சாத பாலை வைத்தான். ஒன்றரை மணி நேரத்தில் எம்பெம்பாவின் பால் உறைந்திருந்தது, மற்றது உறையவில்லை. காரணம் கேட்டபோது, நீ குழம்பியிருக்கின்றாய் என்றார் ஆசிரியர். பின்னர் இரிங்காவில் மேனிலைக் கல்வி பயின்றபோதும் கேட்டான். அது எம்பெம்பாவின் இயற்பியல் என்ற ஏளனமே விடையாயிற்று. அதன்பின் அவன் கணக்கில் பிழை செய்தாலும் வகுப்பு முழுவதும் அதனை 'எம்பெம்பாவின் கணிதம்' என்றது.

தாருஸ்ஸலாம் பல்கலைக்கழகக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் டெனிஸ் ஆஸ்போர்ன் அப்பள்ளிக்கு வந்தார். அவரிடமும் அதே வினா. உடனிருந்த மாணவர்களிடம் அதே சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. ஆய்வகத்தில் செய்து பார்ப்பதாக வாக்களித்தார், செய்தும் பார்த்தார். ஆய்வக உதவியாளரோ, சுடுநீரே முந்தி உறைந்தது, ஆயினும் சரியான முடிவு வரும்வரை மீண்டும் மீண்டும் செய்வோம் என்றாராம்! 1969 இல் பேராசிரியரும் மாணவரும் இணைந்தெழுதிய கட்டுரை வெளிவந்தது. பாந்தஸ் பகுதி மக்கள் பனியின்மேல் மீன்பிடிக்கையில் நாணற்கோலைச் சுற்றி வெந்நீர் ஊற்றுவர், அது விரைந்து உறையும் என்று அரிஸ்டாட்டில் முன்னரே எழுதியிருந்தார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இவ்விளைவு மெய்தானா என்பதில் அறிஞர் இன்றும் உடன்படவில்லை. ஆவியாதல், நீரில் கரைந்த வளிகள், நீரின் சுழற்சி எனக் காரணங்கள் பல கூறப்பெறுகின்றன. 2016 இல் பர்ரிட்ஜ், லிண்டன் ஆகியோர் ஆய்ந்து, தக்க சான்றில்லை என்றனர். வெப்பமானியை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தாலே இல்லாத விளைவு இருப்பதுபோல் தோன்றக்கூடும் என்றும் காட்டினர்.

உறைதல் என்னும் நிகழ்ச்சியே எளிதன்று. நீர் 0 பாகை செல்சியசை அடைந்தவுடன் உறைந்துவிடும் என்பது பாடநூல் வாசகம். பனிப்படிகம் தோன்ற ஒரு வித்து வேண்டும். தூசியாகவோ கலத்தின் கீறலாகவோ அஃது இருக்கலாம். வித்தில்லாத தூய நீரின் நுண்துளி 0 பாகைக்குக் கீழே ஏறத்தாழ 38 பாகை வரையிலும் நீராகவே நிற்கும். பாலுக்கு உறைமோர் ஊற்றும் நம் தாய்மார்க்கு இது வியப்பன்று. பால் தயிராதலும் நீர் பனியாதலும் வேறு வேறு வினைகளே. ஆயினும் இரண்டையும் 'உறை' என்னும் ஒரே சொல்லால் வழங்கும் தமிழில் அறிவியலைச் சொல்லவியலாது என்பாரை நாம் ஏற்பதற்கில்லை. வித்து எப்போது வாய்க்கும் என்பது உறுதியன்மையின், ஒரே சோதனை ஒருநாள் ஒருவாறும் மறுநாள் வேறுவாறும் முடிதல் இயல்பே.

ஆகவே எம்பெம்பா கண்டது பொதுவிதியாக இல்லாமற் போகலாம். அதனால் அவனை நகைத்தது முறையாகிவிடுமா? ஆகாது என்பதே நம் கருத்து. அந்த ஆசிரியர் சொன்னதில் ஒருகால் உண்மை இருந்திருக்கலாம். செய்து பாராமற் சொன்னதே குற்றம். நன்னூலார் வினாதலைக் கற்போன் கடனாகவே வைத்தார். இறைமறையும் படைப்பை நோக்கிச் சிந்திக்குமாறு பலவிடத்தும் தூண்டுகின்றது. அவ்வாறிருந்தும் 'பாடத்தில் இல்லாததைக் கேளாதே' என்னும் குரல் நம் வகுப்பறைகளில் ஓயவில்லை. யாப்பு வகுப்பும் இதற்கு விலக்கன்று. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி மிதித்த மாணவியர் பலர் கடைசி வரிசையில் அமர்ந்துள்ளனர். ஒருமுறை நகைக்கப்பெற்றால் அவர்கள் மறுமுறை கேளார்.

இவ்வாண்டு தமிழ் மாணவர் சிலரை இயற்பியல் துறைக்கு அனுப்பலாமென எண்ணுகின்றோம். இரண்டு கலங்கள், ஒரு குளிர்ப்பெட்டி, ஒரு வெப்பமானி போதும். பத்துமுறை செய்து, கண்டதைக் கண்டவாறு தமிழில் எழுதித் தரட்டும். எம்முடிவு வரினும் அடுத்த மலரில் இடமுண்டு.